எதிரணி கோல் கம்பத்தில் என் மகள்

1

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டில் எல்லோரும் இஸ்திரி போட்ட உடுப்போடு கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பத்தரமுல்லைக்குக் கிளம்புவோம். கல்யாணத்துக்கு இல்லை, விசா புதுப்பிக்க. எனக்கும் என் மகள் ரொஷானிக்கும் இந்திய பாஸ்போர்ட். மனைவி ஷாமினி இங்கேயே கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்கு விசா வேண்டாம். ஆனாலும் எங்களைக் கூட்டிப்போவது அவள்தான். காரணம், என் சிங்களம் மைதானத்துச் சிங்களம். ஓடு, விடாதே, ஆளைப் பிடி, கண் தெரியலையா. இதை வைத்துக்கொண்டு அரசு அலுவலகத்தில் காலம் தள்ள முடியாது.

இந்த முறை ஷாமினிக்குப் பள்ளியில் பரீட்சை வேலை. நானும் ரொஷானியும் மட்டும் போனோம். கவுன்டரில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். என்ன தொழில் என்று சிங்களத்தில் கேட்டார். கேள்வி புரிந்துவிட்ட சந்தோஷத்தில், "மம பாபந்து" என்றேன். பாபந்து என்றால் கால்பந்து. பயிற்சியாளர் என்கிற வார்த்தை நேரத்துக்கு வராததால், நான் ஒரு கால்பந்து என்று சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரொஷானி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அவளுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு அவர் என்னிடம் கேட்டார்: "மே துவ இந்தியன்த?" இந்த மகள் இந்தியரா?

நான் வாயைத் திறப்பதற்குள் ரொஷானி பதில் சொல்லிவிட்டாள். "நே. மம லங்காவே."

இல்லை, நான் இலங்கை.

அவர் கையில் இருந்த பாஸ்போர்ட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி சிரித்தார், ஆனால் இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. முத்திரையைக் குத்தினார். இன்னும் ஒரு வருடம் என் மகள் இந்த நாட்டில் தங்க அனுமதி.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பொரளை தாண்டியபிறகு திரும்பினாள்.

"அப்பா, உங்களோட ஒரு விஷயம் கதைக்கணும். ஏசக் கூடாது."

"சொல்லு."

"சமிலா மிஸ் என்ட பேரைக் குடுத்திருக்கிறா. நெஷனல் டீமுக்கு. பாஸ்போர்ட் கொண்டு வா எண்டு கேட்டா."

சமிலா மிஸ் என்பவர் அவளுடைய பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர். நான் கேட்டேன், "எந்த பாஸ்போர்ட்?"

கேட்ட பிறகுதான், அது எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று புரிந்தது.

2

ஊரில் இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவர்களும் மறந்திருப்பீர்கள். நான் வியாசர்பாடி முருகேசன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எங்கள் தெருவில் நடக்கப் பழகுவதற்கு முன்பே பந்தை உதைக்கப் பழகுவோம். செருப்பில்லாமல், சரளைக்கல்லில். என் அக்கா அஞ்சலை கோட்டுக்கு வெளியே நின்று எங்கள் ஆட்டங்களைப் பார்ப்பாள். எதிர் டீம் பையன் என்னைத் தள்ளிவிட்டால் உள்ளே இறங்கி அவன் சட்டையைப் பிடிப்பாள். என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் டிஃபெண்டர் அவள்தான்.

நான் முன்வரிசை ஆட்டக்காரன். கோல் போடுவது மட்டும்தான் தெரியும். சென்னையின் கடைசி டிவிஷனில் ஆரம்பித்து மேலே வந்தேன். மீசை சரியாக முளைக்கும் முன் கல்கத்தாவில் ஒரு கிளப் கூப்பிட்டது. ஜெயித்த நாளில் மீன்கடைக்காரர் காசு வாங்காமல் இலிஷ் மீனைப் பொட்டலம் கட்டிக் கையில் திணிப்பார். தோற்றால் அதே மனிதர் நம் அம்மாவைப் பற்றிக் கேள்வி கேட்பார். பெங்காலி எனக்கு அப்படித்தான் பழகியது, பாதி மீன், பாதி வசவு. அங்கிருந்து கோவா. மழைக்காலத்தில் கணுக்கால் வரை செம்மண் சேற்றில் ஆடினோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பாதிரியாரே நடுவராக வந்ததும் உண்டு.

கோவாவில் இருந்தபோது ஒரே ஒருமுறை இந்திய அணியின் முகாமுக்கு அழைப்பு வந்தது. அக்காவுக்கு போன் செய்தேன். அவள் தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். முகாமில் நன்றாகத்தான் ஆடினேன். கடைசி நாள் பயிற்சியாளர் என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். தோளில் கை விழுந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. "அடுத்த தடவை உன்னை விடமாட்டேன்" என்றார். அவர் நல்ல மனிதர், நம்பித்தான் சொன்னார். அடுத்த தடவை வருவதற்குள் அவரே மாற்றப்பட்டார். நீலச் சட்டை என் உடம்பில் ஏறவே இல்லை. லட்டு தின்றவர்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்காதது என் தெருவின் பெருந்தன்மை.

பிறகு மாலத்தீவு. மாலே நகரத்தில் நடந்து திரும்பினால் எல்லாப் பக்கமும் கடல். அங்கே ஒரு மாலை ஆட்டத்தில் நடுவர் எனக்கு நியாயமான பெனால்டியை மறுத்துவிட்டார். நான் தமிழில் திட்டித் தீர்த்தேன். ஆட்டம் முடிந்ததும் ஒரு டீச்சர் நாலைந்து மாணவிகளோடு வேலியோரம் நின்றிருந்தார்.

"நீங்க தமிழா?"

"ஆமாங்க."

"அப்ப ஏன் ரெஃப்ரிக்குத் தமிழில ஏசுறீங்க? அவருக்கு ஒண்டும் விளங்காது. எங்களுக்குத்தான் எல்லாம் விளங்குது."

அதுதான் ஷாமினி. கொழும்பிலிருந்து கணக்கு டீச்சராக அங்கே வேலைக்கு வந்தவள். மன்னிப்புக் கேட்கப் போனேன். மறுநாளும் கேட்கப் போனேன். கல்யாணமே நடந்துவிட்டது. ரொஷானி மாலேயில் பிறந்தாள். இந்தியத் தூதரகத்தில் அவள் பிறப்பைப் பதிந்து, சிவந்த முகத்தோடு கண் மூடித் தூங்கும் படத்தோடு ஒரு பாஸ்போர்ட் வாங்கினேன். இலங்கைப் பக்கத்தில் பதிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குழந்தைக்கு அப்பன் நாடு. அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

3

முழங்கால் மெல்லக் கைவிட ஆரம்பித்த வயதில் கொழும்பு கிளப் ஒன்று அழைத்தது. ஷாமினிக்கும் ஊர் திரும்ப ஆசை. இரண்டு சீசன் ஆடினேன். மூன்றாவதில் ஓட முடியவில்லை, நின்ற இடத்தில் நின்றுகொண்டு மற்றவர்களுக்கு வழி சொன்னேன். அதைப் பார்த்த கிளப் தலைவர், நின்று வழி சொல்வதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது என்று என்னைப் பயிற்சியாளராக்கினார். அவர் பெட்டாவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். தங்கமான மனிதர்.

அந்த வருடம் வரிசையாகத் தோற்றோம். ஓர் ஆட்டம் முடிந்ததும் அவர் வந்து என் கையைப் பிடித்து, "கோச், நாளைக்கு ஆபீசுக்கு வாங்க, ஆறுதலா கதைப்போம்" என்றார். இத்தனை தோல்விக்குப் பிறகும் ஆறுதல் சொல்ல ஒருவர் இருக்கிறாரே! ஷாமினியிடம் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைக் குறைத்தாள்.

"இங்க ஆறுதலா எண்டா நிதானமா, அவசரமில்லாம எண்டு அர்த்தம். உங்களுக்கு ஆறுதல் சொல்லக் கூப்பிடேல்ல."

மறுநாள் நல்ல பிளேன்டீ கொடுத்து, நிதானமாக, அவசரமில்லாமல் என்னை வேலையை விட்டு அனுப்பினார்.

ஆட்டக்காரன் வாழ்க்கையும் அணியை நடத்தும் மேனேஜர் வாழ்க்கையும் ஒன்றல்ல என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆட்டக்காரனுக்கு ஒரு மோசமான நாள் என்றால் அடுத்த ஆட்டத்தில் ஒரு கோல் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். மேனேஜர் கோட்டுக்கு வெளியே நிற்கிறவன். அவன் கால் பந்தைத் தொடாது, ஆனால் எல்லாக் கோலும் அவன் வீட்டுக்குத்தான் வரும். பயிற்சியாளர் லைசென்ஸுக்கான படிப்பு படித்தேன். பூட்டானில் ஒரு சீசன் தனியாகப் போய் வேலை பார்த்தேன். திம்புவின் குளிரில் பையன்கள் ஓடும்போது அவர்கள் மூச்சு புகையாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் நாங்கள் குடியிருக்கும் வெள்ளவத்தையின் வேர்வை நாற்றத்துக்கு ஏங்குவேன்.

திரும்பி வந்த அன்று ஒன்று நடந்தது. ரொஷானி பள்ளியில் இருந்து வந்தாள். அப்போது சின்னப் பெண். "ஸ்கூல்ல இன்னா பண்ண?" என்று கேட்டேன். அவள் அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, அப்பா ஏன் பிழையாக் கதைக்கிறார்?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் வேண்டுமென்றே வியாசர்பாடித் தமிழ் பேச ஆரம்பித்தேன். அவளும் என்னைக் கேலி செய்வதற்காகவே அதைக் கற்றுக்கொண்டாள். "இன்னா நைனா, சோறு துன்னியா?" என்பாள். வெளியே போனால் ஓம், விளங்குது, கெதியா வா. கடையில் சிங்களம். தோழிகளோடு மூன்றும் கலந்து ஒரு பாஷை. நான் கால்பந்து என்றால் அவள் உதைபந்தாட்டம் என்பாள். எது சரி என்று அடித்துக்கொள்வோம். ஷாமினி இரண்டும் இல்லை, ஃபுட்போல் என்பாள்.

இப்போது நான் வேறொரு கிளப்பின் மேனேஜர். காலையில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் கடலோர ரயிலைப் பிடிப்பேன். அலை நீர் சில நாள் ஜன்னலுக்கே தெறிக்கும். கோட்டை ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்து மைதானம். என் அணியில் ராணுவத்துப் பையன்கள் இருக்கிறார்கள். துறைமுகத்தில் வேலை செய்துகொண்டே ஆடுகிறவர்கள், ஹட்டன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், மாளிகாவத்தை முஸ்லிம் பிள்ளைகள், நைஜீரியாவிலிருந்து வந்த ஒருவனும் இருக்கிறான். இடைவேளையில் நான் பேசுவதை யாராவது சிங்களத்தில் சொல்வார்கள், அதை இன்னொருவன் ஆங்கிலத்தில் சொல்வான். சுற்றி முடித்து வரும்போது நான் சொன்னதைவிட நன்றாகவே இருக்கும்.

இதற்கிடையில் என் மகள் எப்போது கோல் காப்பாளராக ஆனாள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் இடுப்பெல்லாம் கன்றிப்போய் வந்தாள். விழுந்தியா என்று பதறினேன். "விழல்ல, பாய்ஞ்சேன்" என்றாள். வாழ்நாள் முழுக்க கோல் காப்பவர்களை ஏமாற்றிச் சாப்பிட்டவன் நான். என் வீட்டிலேயே ஒருத்தி கையுறை மாட்டிக்கொண்டு எனக்கு எதிராக நிற்கிறாள். நான் சொல்லிக்கொடுக்க வந்தால், "நீங்க ஃபோர்வர்ட். உங்களுக்கு இது விளங்காது" என்பாள். சமிலா மிஸ் சொன்னால் மட்டும் கேட்பாள். அதுவும் நல்லதற்குத்தான் என்று விட்டுவிட்டேன்.

4

பஸ்ஸில் ரொஷானி சொன்ன விஷயத்தை அன்று இரவு சாப்பாட்டின்போது ஷாமினியே எடுத்தாள். அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

விஷயம் இதுதான். தாய் இலங்கையர் என்பதால் ரொஷானியைக் குடியுரிமைக்குப் பதிய முடியும். தாமதமாகப் பதிவதற்கும் வழி உண்டு. ஆனால் இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்ள நம் நாட்டுச் சட்டம் விடாது. இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு ஆகாத பிள்ளை, அதனால் தகப்பனும் கையெழுத்துப் போட வேண்டும்.

"பதினெட்டு ஆகட்டும்" என்றேன். "அப்புறம் அவளே முடிவு பண்ணட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"அதுக்குள்ள இந்த டீம் முடிஞ்சிடும், அப்பா" என்றாள் ரொஷானி. "இது வயசு எல்லை உள்ள டீம். வயசு நிக்காது."

"இந்தியாவுல ஆடக் கூடாதா? அங்கேயும் பொண்ணுங்க டீம் இருக்கு. அத்தை வீட்ல தங்கி..."

"அங்க எனக்கு யாரைத் தெரியும்? நான் அங்க போனது லீவுக்கு மட்டும்தானே."

"அது உன் நாடு."

சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது. ரொஷானி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஷாமினி கோபப்படுகிறவள் அல்ல. கணக்கு டீச்சர், ஒவ்வொரு படியாகப் போவாள். அன்றைக்கு அவள் ஒரு படிதான் சொன்னாள்.

"அவ என்ட பிள்ளையும்தான் என்னப்பா. பிறந்த நேரம் நீங்க உங்கட நாட்டில பதிஞ்சீங்க. நான் ஒண்டும் கேக்கல்ல. இப்ப அவ என்ட நாட்டைக் கேக்கிறா."

இத்தனை வருடம் எங்கள் வீட்டில் இரண்டு நாடு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது. தெரியும். ஆனால் என்னுடையது வீட்டின் நாடு, அவளுடையது நாங்கள் குடியிருக்கும் ஊர் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

வேறு வழியில்லாமல் அக்காவுக்கு போன் செய்தேன். அஞ்சலை அக்கா இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறாள். அவளாவது என் பக்கம் நிற்பாள், அழுவாள், "நம்ம புள்ளைய விட்டுக்கொடுக்காதடா" என்பாள் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டாள்.

"இன்னாடா இது, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற?"

"அக்கா, அவ நாளைக்கு இந்தியாவுக்கு எதிரா ஆடுவாக்கா."

"ஆடட்டுமே. நீ கல்கத்தாகாரனுக்கு ஆடுன. கோவாகாரனுக்கு ஆடுன. மாலத்தீவுக்காரனுக்கு ஆடுன. மெட்ராஸ் டீமுக்கே கோல் போட்டுட்டு வந்து எங்கிட்ட பீத்திக்கினியே, அப்ப நான் உன்னைய எந்த ஊருன்னு கேட்டனா? வூட்டுக்கு வா, சோறு துன்னுன்னுதான சொன்னேன்."

"அது கிளப்புக்கா. இது நாடு."

அக்கா குரலை இறக்கிச் சொன்னாள். "உன்ன நாடு கூப்ட்டுட்டுத் திருப்பி அனுப்பிச்சிச்சு. நீ அன்னிக்கு போன்ல அழுதது எனக்குத்தான் தெரியும். அவள ஒரு நாடு கூப்புடுது. நீ திருப்பி அனுப்புவியா?"

நான் போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். எங்கள் லேனின் கடைசியில் தண்டவாளம், அதைத் தாண்டினால் கடல். பாறையில் உட்கார்ந்து யோசித்தேன். நான் மேனேஜர். ஒவ்வொரு வாரமும் பதினொரு பெயரைச் சொல்கிறேன். மிச்சம் இருக்கிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன். என் மகளைத் தேர்வு செய்ய வேறொருவர் காத்திருக்கிறார், நான் ஒருவன்தான் நடுவில் நிற்கிறேன். எனக்கு வலிக்கிறது என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணமில்லை.

வீட்டுக்குப் போய் அவள் அறைக் கதவைத் தட்டினேன். "நாளைக்கு மாலே பர்த் சர்டிஃபிகேட்டை எடுத்து வை" என்றேன். அவள் கதவைத் திறக்கவில்லை. உள்ளே தொம்மென்று ஒரு சத்தம். கட்டிலில் பாய்ந்திருக்கிறாள்.

அதன் பிறகு நடந்த அலைச்சலை எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். மாலேயில் கொடுத்த பிறப்புச் சான்றிதழ் அந்த நாட்டு மொழியான திவேஹியில் இருந்தது. அதை மொழிபெயர்க்க ஆள் தேடினோம். மொழிபெயர்த்தவருக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்டார்கள். என் பெயர் ஒரு தாளில் முருகேசன், இன்னொன்றில் முருகேஷ், ஷாமினியின் கல்யாணச் சான்றிதழில் எம். கேசன். மூவரும் ஒருவரே என்று சத்தியம் செய்துகொடுத்தேன். ஷாமினி செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். கவுன்டரில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. விஷயம் கால்பந்து என்று தெரிந்ததும் பலர் தாளை வேகமாகவே நகர்த்தினார்கள்.

கடைசியில் கொள்ளுப்பிட்டிப் பக்கம் இந்தியத் தூதரகத்தில், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாள். கவுன்டரில் ஒரு தமிழர், மதுரைப் பேச்சு. "எதுக்கு சார் விடுறீங்க?" என்று கேட்டார்.

"ஃபுட்பால் ஆட."

"கிரிக்கெட்னா கூட ஒரு நியாயம் இருக்கு" என்றார். சொன்னவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாரி சார், சும்மா சொன்னேன்" என்றார். ரொஷானியிடம் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று கேட்டார். கோல் கீப்பர் என்றதும், "நல்லா பிடிம்மா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கினார். நான் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றேன். ரொஷானி என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் தடுமாறுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். போட்டேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வளர்ந்த பிறகு அவள் தெருவில் என் கையைப் பிடித்ததே இல்லை. காலி நகருக்குப் போகும் காலி வீதியைக் கடக்கும்வரை விடவில்லை.

5

போட்டி கொழும்பிலேயே நடந்தது. அயல்நாட்டுப் பெண்கள் அணிகள் வந்திருந்தன. குலுக்கலில் இந்தியாவும் நாங்களும் ஒரே பிரிவு. பார்த்தீர்களா, 'நாங்களும்' என்று கை தானாக எழுதிவிட்டது. அடிக்கவில்லை, இருக்கட்டும்.

நானும் ஷாமினியும் பக்கவாட்டு இருக்கையில் இருந்தோம். மேனேஜராகக் கோட்டருகே நின்றே பழகியவனுக்கு இருக்கையில் கை கால் வைக்க இடம் தெரியவில்லை. பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். நம்முடைய கீதம் முதலில் ஒலித்தது. எழுந்து நின்றேன். கூட்டத்தில் அதைப் பாடியவன் அநேகமாக நான் ஒருவன்தான், அதனால் மெதுவாகப் பாடினேன். நீலச் சட்டை போட்ட பெண்கள் நெஞ்சை நிமிர்த்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்து இலங்கைக் கீதம். ரொஷானி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பக்கத்தில் ஷாமினி அதையே தமிழில் முணுமுணுத்தாள். எனக்கு அந்த வரிகள் முழுதாகத் தெரியாது. அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தியப் பெண்கள் எல்லாவற்றிலும் ஒரு படி மேல். உயரம், வேகம், பழக்கம். பந்து எங்கள் பாதியை விட்டு வெளியே போகவில்லை. இருபது நிமிடம் கூட ஆகியிருக்காது, அவர்களின் பத்தாம் எண் பெண் பெனால்டி பெட்டிக்கு வெளியே பந்தை வாங்கினாள். ஒரு தொடுதலில் ஆளைத் தாண்டினாள். அடுத்த தொடுதலில், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தூரத்து மூலைக்கு வளைத்து அடித்தாள். ரொஷானி முழு நீளத்துக்குப் பாய்ந்தாள். விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவில் காற்று மட்டும்தான். கோல்.

நான் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன்.

ஷாமினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்தேன். காது சுட்டது. நான் இந்தியாவுக்காகத் தட்டினேனா, அந்த அடிக்காகத் தட்டினேனா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இடைவேளைக்குள் இன்னும் ஒன்று போனது. அது தலையால் வந்தது, யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் இரண்டாம் பாதியில் ஏதோ மாறியது. இந்தியாவின் பத்தாம் எண்ணும் ஏழாம் எண்ணும் தமிழ்நாட்டுப் பெண்கள் போலிருக்கிறது. எதிரணியில் பாதுகாப்புக்கு நின்றவர்கள் எல்லோரும் சிங்களப் பெண்கள் என்பதால், இருவரும் தாராளமாகத் தமிழிலேயே கத்திக்கொண்டார்கள். "முன்னாடி வுடு!" "பின்னாலயே தட்டுடி, நான் கீறேன்!" அது அச்சு அசல் வடசென்னை. கொழும்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் அந்த வேகத்தில் பிடிபடாது.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பிடிபட்டது. "பின்னாலயே தட்டு" என்று குரல் வருவதற்கும் ரொஷானி கோல் கோட்டிலிருந்து முன்னே ஓடி வருவதற்கும் சரியாக இருந்தது. பந்து பத்தாம் எண்ணின் காலுக்கு வரும் முன் இவள் நெஞ்சில் அணைத்துக்கொண்டு உருண்டாள். அடுத்த தடவை இடது பக்கம் பந்து போகப்போவது தெரிந்து "வமட! வமட!" என்று சிங்களத்தில் தன் ஆட்களை இழுத்தாள். மூன்றாவது தடவை ஏழாம் எண் பெண் நின்று இவளை முறைத்துப் பார்த்தாள். தோழியிடம் போய் ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு இருவரும் ஹிந்தியில் கத்த ஆரம்பித்தார்கள்.

ஷாமினி என் தொடையில் கிள்ளினாள். "என்ன நடந்தது? ஏன் சிரிக்கிறீங்க?"

"அப்புறம் சொல்றேன்" என்றேன். சிரிக்கத்தான் செய்தேன், ஆனால் கண் நனைந்திருந்தது.

கடைசியில் மூன்றாவதும் விழுந்தது. மூன்றுக்குப் பூஜ்ஜியம். இதைவிட மோசமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். விசில் ஊதியதும் ரொஷானி கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். பத்தாம் எண் பெண் நேராக அவளிடம் நடந்து போனாள். கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். இருவரும் நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ஏழாம் எண்ணும் வந்து சேர்ந்துகொண்டாள். மூவரும் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சமிலா மிஸ் கைதட்டிக் கூப்பிடும்வரை அங்கேயே நின்றார்கள்.

6

ரொஷானி அணியோடுதான் தங்கியிருந்தாள். போட்டி முழுக்க முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். நேபாளத்திடமும் தோற்றார்கள், கடைசி ஆட்டத்தை டிரா செய்தார்கள். அடுத்த முகாமுக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். என் கிளப்பில் நான் இன்னும் மேனேஜராக இருக்கிறேன். யாரும் என்னை ஆறுதலாகக் கதைக்கக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் பத்தரமுல்லைக்கு நான் ஒருவன் மட்டும் விசாவுக்குப் போவேன். ஷாமினி துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அக்கா போனில் முழு ஆட்டத்தையும் கேட்டாள். மூன்று கோலையும் ரொஷானியே விவரித்தாள். அக்கா எல்லாவற்றுக்கும், "அய்யோ, தாவக்கூடாதா நீ?" என்றாள். "தாவினேன் அத்தை, எட்டல்ல" என்று இவள் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

நேற்று மாலை நாங்கள் இருவரும் கடலோரம் நடந்தோம். இடுப்பில் இன்னும் கன்றல் மாறாததால் அவள் கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். பேச்சு வாக்கில் கேட்டாள்.

"அப்பா, அந்த முதல் கோலுக்கு நீங்க கை தட்டினீங்களா?"

ஷாமினி சொல்லியிருக்க வேண்டும். பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். "தட்டினேன்" என்றேன்.

"ஏன்?"

"தெரியலம்மா. எழுந்துட்டேன். அப்புறம்தான் நீ நிக்கிறது ஞாபகம் வந்தது."

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். சற்றுதூரம் நடந்தாள்.

"வடிவான கோல்தான்" என்றாள். "பந்து வளையிறதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனா அடுத்த முறை தட்டாதீங்க, அப்பா. எனக்குத் தெரியும், நீங்க எங்க இருக்கிறீங்க எண்டு. நான் பார்ப்பேன்."

சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் ஊரில் இருக்கும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்தமுறை நம் பெண்கள் இங்கே வந்து கோல் போட்டால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கும் சேர்த்து நீங்கள் தட்டிவிடுங்கள்.